எஃகைவிட வலிமையான தாள் ஏன் இவ்வளவு எளிதில் கிழிகிறது?

ஓர் அணுத் தடிமனே உள்ள கார்பன் தாளான கிராஃபீனின் பெயர் சிங்கப்பூரில் இரண்டு பக்கமிருந்து காதில் விழுகிறது. ஒரு பக்கம், கெண்ட் ரிட்ஜில் உள்ள சிங்கப்பூர் தேசியப் பல்கலைக்கழகத்திலும் நன்யாங் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்திலும் நடக்கும் ஆய்வுகளைப் பற்றிய செய்திகள். இன்னொரு பக்கம், கார் பூச்சு, தலைக்கவசம், டென்னிஸ் மட்டை என்று வரும் விளம்பரங்கள். இரண்டிலும் அநேகமாகத் தவறாமல் ஒரு வாசகம் இருக்கும்: "எஃகைவிட 200 மடங்கு வலிமை".

2025 பிப்ரவரியில் வந்த ஒரு செய்தி பலரையும் குழப்பியது. அமெரிக்காவின் ரைஸ் பல்கலைக்கழகமும் சிங்கப்பூர் தேசியப் பல்கலைக்கழகமும் வேறு சிலரோடு சேர்ந்து ஆராய்ந்த ஒரு கார்பன் படலம், விரிசலைத் தாங்குவதில் கிராஃபீனைவிட எட்டு மடங்கு சிறந்தது என்றது அந்தச் செய்தி. அந்தப் படலமும் ஓர் அணுத் தடிமன்தான். உலகிலேயே வலிமையான பொருள் கிராஃபீன் என்று இத்தனை ஆண்டுகளாகச் சொல்லிவிட்டு, இப்போது அதைவிட எட்டு மடங்கு என்றால் என்ன பொருள்? முன்பு சொன்னது தவறா?

தவறில்லை. இரண்டும் உண்மைதான். முதல் கூற்று வலிமையைப் பற்றியது, இரண்டாவது விரிசல் தாங்கும் திறனைப் பற்றியது. இவை வெவ்வேறு குணங்கள். ஒன்றில் முதலிடம் பிடித்த பொருள் மற்றதில் கடைசி வரிசையில் நிற்கலாம். இந்த வேறுபாடு பிடிபட்டால், ஓரிரண்டு அணுத் தளங்களே தடிமனாக உள்ள இருபரிமாணப் பொருள்களைப் பற்றி வரும் செய்திகளில் பாதிக்கு மேல் தானாகவே விளங்கிவிடும்.

எதை இருபரிமாணப் பொருள் என்கிறோம்

பென்சிலில் இருக்கும் கிராஃபைட், கார்பன் அடுக்குகளால் ஆனது. ஒவ்வொரு அடுக்கிலும் கார்பன் அணுக்கள் அறுகோணக் கட்டங்களாக மிக உறுதியான வேதிப் பிணைப்புகளால் கோத்திருக்கின்றன. அடுக்குக்கும் அடுக்குக்கும் இடையே இருப்பதோ மிகவும் பலவீனமான ஈர்ப்பு. பென்சில் எழுதுவதற்கே காரணம் அடுக்குகள் எளிதாகக் கழன்று தாளில் ஒட்டிக்கொள்வதுதான். 2004இல் மான்செஸ்டர் பல்கலைக்கழகத்தில் ஆந்த்ரே கெய்மும் கான்ஸ்டன்டின் நோவோசெலோவும், ஒட்டும் டேப்பை வைத்து மீண்டும் மீண்டும் உரித்து, ஒரே ஓர் அடுக்கைத் தனியாகப் பிரித்து அதன் மின்பண்புகளை அளந்து காட்டினார்கள். அந்த ஒற்றை அடுக்குதான் கிராஃபீன். 2010இல் இருவருக்கும் நோபெல் பரிசு கிடைத்தது. நோவோசெலோவ் 2019இல் சிங்கப்பூர் தேசியப் பல்கலைக்கழகத்தில் சேர்ந்தார்.

அதன்பின் இதே குடும்பத்தில் பல பொருள்கள் வந்துவிட்டன. இந்தக் கட்டுரைக்கு இன்னும் இரண்டு போதும். அறுகோண போரான் நைட்ரைடு என்பது கிராஃபீனின் அதே கட்டம், ஆனால் கார்பன் இருக்கும் இடங்களில் போரானும் நைட்ரஜனும் மாறி மாறி இருக்கும், மின்சாரத்தைக் கடத்தாது. மாலிப்டினம் டைசல்ஃபைடு கொஞ்சம் தடிமனானது. நடுவில் மாலிப்டினம், மேலும் கீழும் கந்தகம் என்று மூன்று அணுத் தளங்கள் சேர்ந்து ஓர் அடுக்காகும், இது பகுதிமின்கடத்தி.

முதலில் ஐந்து சொற்கள்

1. தகைவு: ஒரு பரப்பின் மீது செயல்படும் விசையை அந்தப் பரப்பளவால் வகுத்தால் வருவது. அலகு பாஸ்கல். நூறு கோடி பாஸ்கல் ஒரு கிகாபாஸ்கல்.

2. திரிபு: இழுக்கும்போது நீளம் எவ்வளவு கூடியது என்பதன் விகிதம். 100 மில்லிமீட்டர் கம்பி 101 ஆனால் திரிபு 1 விழுக்காடு.

3. விறைப்பு: ஒரே அளவு திரிபை உண்டாக்க எவ்வளவு தகைவு தேவை என்பது. தொடக்கக் கல்லூரி இயற்பியலில் யங் குணகம் என்று படிப்பது இதைத்தான்.

4. வலிமை: உடைவதற்கு முன் பொருள் தாங்கும் உச்சத் தகைவு.

5. விரிசல் தாங்கும் திறன்: ஏற்கெனவே ஒரு விரிசல் இருக்கும்போது, அது மேலும் ஓடாமல் தடுக்கும் திறன்.

நான்காவதும் ஐந்தாவதும்தான் எல்லாக் குழப்பத்துக்கும் ஊற்று. சன்னல் கண்ணாடியை எடுத்துக்கொண்டால், குறையே இல்லாத கண்ணாடி இழைக்கு வலிமை மிக அதிகம். ஆனால் ஒரு கீறல் விழுந்துவிட்டால் அதோடு முடிந்தது. சாதாரண எஃகுக்கு வலிமை நடுத்தரம்தான், விரிசல் தாங்கும் திறனோ மிக அதிகம். பாலம் கட்டுகிறவர்கள் கண்ணாடியை விட்டு எஃகைத் தேர்ந்தெடுப்பது ஐந்தாவது குணத்துக்காக.

இதற்குள் இன்னொரு சிக்கலும் ஒளிந்திருக்கிறது. தகைவைக் கணக்கிடப் பரப்பளவு வேண்டும், பரப்பளவுக்குத் தடிமன் வேண்டும். ஒற்றை அணு அடுக்குக்குத் தடிமன் என்ன? அணுவுக்குத் திட்டமான விளிம்பு கிடையாது. ஆய்வாளர்கள் கிராஃபைட்டில் இரண்டு அடுக்குகளுக்கு இடையே உள்ள தூரத்தை, அதாவது 0.335 நானோமீட்டரை, தடிமனாக வைத்துக்கொள்கிறார்கள். இது ஒரு வசதிக்கான ஏற்பாடு. நேர்மையான அளவு என்பது ஒரு மீட்டர் அகலத்துக்கு எத்தனை நியூட்டன் என்பதுதான். அதனால்தான் ஆய்வுக் கட்டுரைகளில் நியூட்டன்/மீட்டர் என்ற அலகு வரும், செய்தியில் மட்டும் அது கிகாபாஸ்கலாக மாறிவிடும்.

130 கிகாபாஸ்கல் எங்கிருந்து வந்தது

2008இல் கொலம்பியா பல்கலைக்கழகத்தில் சாங்கு லீ, சியாவ்திங் வெய், ஜெஃப்ரி கைசர், ஜேம்ஸ் ஹோன் ஆகிய நால்வர் செய்த சோதனைதான் எல்லாத் தலைப்புச் செய்திகளுக்கும் மூலம். அதைக் கொஞ்சம் அருகில் போய்ப் பார்ப்பது அவசியம், ஏனென்றால் அந்த எண் எதைச் சொல்கிறது, எதைச் சொல்லவில்லை என்பது சோதனை நடந்த விதத்தில்தான் இருக்கிறது.

ஒரு சிலிக்கன் தகட்டில் வரிசையாக வட்டக் குழிகள். குழிகளின் விட்டம் 1 அல்லது 1.5 மைக்ரோமீட்டர், ஆழம் அரை மைக்ரோமீட்டர். அதன்மேல் உரித்தெடுத்த கிராஃபீன் துண்டைப் படியவைத்தார்கள். ஒவ்வொரு குழியின் வாயிலும் ஓர் அணுத் தடிமனில் ஒரு சவ்வு விறைப்பாக நின்றது. அப்புறம் அணுவிசை நுண்ணோக்கியின் வைர முனையைச் சவ்வின் நடுவில் வைத்து அழுத்தினார்கள். முனையின் ஆரம் இருபது முப்பது நானோமீட்டருக்குள்தான். மெல்ல அழுத்தி எடுத்தால் சவ்வு பழைய நிலைக்கே திரும்பியது. அழுத்தத்தைக் கூட்டிக்கொண்டே போனால், சில மைக்ரோநியூட்டன் விசையில் துளை விழுந்தது.

கிடைத்த விடைகள்: விறைப்பு 342 நியூட்டன்/மீட்டர், வலிமை 42 நியூட்டன்/மீட்டர். இவற்றை 0.335 நானோமீட்டரால் வகுத்தால் ஏறத்தாழ யங் குணகம் 1,000 கிகாபாஸ்கலும் வலிமை 130 கிகாபாஸ்கலும் வருகின்றன. உடையும் கணத்தில் திரிபு ஏறத்தாழ 25 விழுக்காடு.

எஃகை அதே 0.335 நானோமீட்டருக்கு இழைத்ததாகக் கற்பனை செய்தால் அதன் வலிமை 0.08இலிருந்து 0.40 நியூட்டன்/மீட்டர் வரை வரும், எந்த எஃகு என்பதைப் பொறுத்து. மிக வலிமையான எஃகோடு ஒப்பிட்டால் கிராஃபீன் 100 மடங்கு, நடுத்தர எஃகோடு ஒப்பிட்டால் 200 மடங்கு, சாதாரண எஃகோடு ஒப்பிட்டால் இன்னும் அதிகம். செய்திகளில் மடங்கு மாறிக்கொண்டே இருப்பதன் காரணம் இவ்வளவுதான். 2010இல் நோபெல் குழு வெளியிட்ட அறிவியல் விளக்கத்தில், ஒரு சதுர மீட்டர் கிராஃபீன் தொட்டிலின் எடை 0.77 மில்லிகிராம், அது 4 கிலோ பூனையைத் தாங்கும் என்று எழுதியிருந்தார்கள். கணக்கு சரி. ஆனால் அந்த ஒரு சதுர மீட்டரிலும் ஒரு குறைகூட இருக்கக்கூடாது.

இங்கேதான் சோதனை நடந்த விதம் முக்கியமாகிறது. முனையால் அழுத்தும்போது உச்சத் தகைவு முனைக்கு நேர் கீழே சில பத்து நானோமீட்டர் அகலத்தில் மட்டுமே இருக்கும். அந்தச் சின்ன இடத்தில் அணு ஒன்றுகூட விட்டுப்போயிருக்க வாய்ப்பு மிகக் குறைவு. ஆகவே 130 என்பது குறையற்ற கார்பன் கட்டத்தின் பிணைப்புகள் தாங்கும் எல்லை. அது இயற்கை நிர்ணயித்த உச்சவரம்பு. கையில் பிடிக்கக்கூடிய ஒரு தாளின் வலிமை என்று அதை வாசித்தால் ஏமாற்றம்தான் மிஞ்சும்.

அழுத்தாமல் இரு முனைகளையும் பிடித்து இழுத்தால் என்ன ஆகிறது என்பதையும் பின்னாளில் பார்த்தார்கள். 2020இல் ஹாங்காங் சிட்டி பல்கலைக்கழகக் குழு ஒற்றையடுக்குக் கிராஃபீனைத் தனியே இழுத்தபோது வலிமை 50 முதல் 60 கிகாபாஸ்கல், திரிபு 6 விழுக்காடு வரை. உச்சவரம்பில் பாதிகூட இல்லை. அதுவும் மிகக் கவனமாகத் தயாரித்த நுண்ணிய துண்டுகளில்.

விரிசல் ஓடுவது ஏன்

ஆலன் ஆர்னால்ட் கிரிஃபித் என்ற பிரிட்டிஷ் பொறியாளர் 1921இல் வெளியிட்ட கட்டுரை, கண்ணாடி ஏன் கணக்கிட்டதைவிடப் பல மடங்கு குறைந்த விசையில் உடைகிறது என்று கேட்டது. அவர் கண்ட விடை இன்றும் இந்தத் துறையின் அடித்தளம்.

1. இழுத்துப் பிடித்த பொருளில் ஆற்றல் சேமிப்பாக இருக்கிறது.

2. விரிசல் கொஞ்சம் நீண்டால், அதன் இரு பக்கமும் தளர்ந்து அந்தச் சேமிப்பில் ஒரு பகுதி வெளியாகிறது.

3. விரிசல் நீள்வதற்குப் புதிய விளிம்பு உருவாக வேண்டும், பிணைப்புகள் அறுபட வேண்டும். அதற்கு ஆற்றல் செலவாகிறது.

4. வரவு செலவைவிட அதிகமானால் விரிசல் தானாகவே ஓடத் தொடங்குகிறது. விரிசல் நீளமாக நீளமாக வரவும் கூடுகிறது. எனவே தொடங்கிய பிறகு நிற்பதில்லை.

காப்பிக்கடையில் கிடைக்கும் த்ரீ இன் ஒன் காப்பித்தூள் பாக்கெட்டை நினைத்துப் பாருங்கள். ஓரத்தில் சின்ன வெட்டு இல்லாவிட்டால் கையால் கிழிப்பது பெரும் பாடு. வெட்டு இருந்தால் ஒரே இழுப்பு. பாக்கெட்டின் பொருள் மாறவில்லை, வெட்டு ஒன்றுதான் வித்தியாசம்.

எஃகில் விரிசலின் நுனியைச் சுற்றி உள்ள உலோகம் நெளிந்து கொடுக்கிறது. கூர்மையான நுனி மழுங்குகிறது. அந்த நெளிவிலேயே பெரும் ஆற்றல் செலவாகிவிடுவதால் விரிசல் ஓட முடிவதில்லை. கிராஃபீனில் சாதாரண வெப்பநிலையில் அப்படி நெளிந்து கொடுக்க வழியில்லை. நுனியில் இருக்கும் பிணைப்பு அறுகிறது, அடுத்த பிணைப்பின் மேல் முழுச் சுமையும் விழுகிறது, அதுவும் அறுகிறது. ஒவ்வொரு பிணைப்பும் எவ்வளவு வலிமையானது என்பது இங்கே பெரிதாக உதவுவதில்லை.

2014இல் ரைஸ் பல்கலைக்கழகத்தின் லௌ ஜுன் குழுவும் ஜார்ஜியா டெக் கல்விக்கழகமும் இதை நேரடியாக அளந்தன. அயனிக் கற்றையால் கிராஃபீனில் தெரிந்த நீளத்துக்கு ஒரு வெட்டு போட்டு, மின்னணு நுண்ணோக்கிக்குள் வைத்து இழுத்துப் பார்த்தார்கள். கிரிஃபித் விதி ஓர் அணுத் தடிமனிலும் அப்படியே பொருந்தியது. விரிசல் தாங்கும் திறன் 4 மெகாபாஸ்கல்·√மீட்டர் (இந்தத் திறனை அளக்கும் அலகு) என்று வந்தது. சன்னல் கண்ணாடிக்கு இது 1க்கும் கொஞ்சம் குறைவு. விமானத்தில் பயன்படும் அலுமினியக் கலவைகளுக்கு 20, 30 என்று இருக்கும், நல்ல எஃகுக்கு 50ஐத் தாண்டும். ஆக, கிராஃபீன் நிற்பது கண்ணாடிக்கும் பீங்கானுக்கும் பக்கத்தில்.

இந்த 4 என்ற எண்ணை வைத்து நாமே ஒரு கணக்குப் போடலாம். உடையும் தகைவு என்பது விரிசல் தாங்கும் திறனை, பை பெருக்கல் விரிசலின் பாதி நீளம் என்பதன் வர்க்கமூலத்தால் வகுத்தால் வருவது.

1. விரிசல் 20 நானோமீட்டர் நீளம் என்றால், உடையும் தகைவு ஏறத்தாழ 23 கிகாபாஸ்கல்.

2. விரிசல் 2 மைக்ரோமீட்டர் என்றால், 2.3 கிகாபாஸ்கல். உயர்தர எஃகுக் கம்பி எட்டும் அளவு.

3. விரிசல் 0.2 மில்லிமீட்டர், அதாவது இரண்டு தலைமுடி அகலம் என்றால், 0.23 கிகாபாஸ்கல். கட்டுமானத்துக்கு வாங்கும் சாதாரண எஃகு இந்தத் தகைவில் இன்னும் நெளியக்கூடத் தொடங்கியிருக்காது.

இந்த மூன்றாவது வரியைத்தான் விளம்பரங்களுக்குப் பக்கத்தில் வைத்துப் படிக்க வேண்டும். கண்ணுக்கு அரைகுறையாகத் தெரியும் ஒரு கிழிசல் போதும், 200 மடங்கு என்ற பெருமை முழுவதும் கரைந்துவிடுகிறது. இது கிராஃபீனின் மதிப்பைக் குறைக்கும் செய்தி அல்ல. எந்த அளவில் எதை எதிர்பார்க்கலாம் என்று சொல்லும் செய்தி.

விரிசலை நிறுத்துவது எப்படி: சிங்கப்பூர் பங்கெடுத்த இரண்டு வழிகள்

வலிமையில் இனி ஏறுவதற்கு இடமில்லை என்று தெரிந்த பிறகு ஆய்வின் கவனம் ஐந்தாவது குணத்துக்குத் திரும்பியது. என் பார்வையில் இந்தத் துறையில் நடந்த மிக ஆரோக்கியமான திருப்பம் இது. இதில் சிங்கப்பூரின் இரண்டு பல்கலைக்கழகங்களுக்கும் நேரடிப் பங்கு உண்டு.

முதல் வழி அறுகோண போரான் நைட்ரைடு. 2021இல் லௌ ஜுன் குழுவும், அப்போது நன்யாங் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தில் இருந்த காவ் ஹுவாஜியன் குழுவும் சேர்ந்து 'நேச்சர்' இதழில் ஒரு முடிவை வெளியிட்டன. காவ், பொருள்கள் முறிவதைப் பற்றிய கோட்பாட்டில் உலக அளவில் அறியப்பட்டவர். போரான் நைட்ரைடு விறைப்பிலும் வலிமையிலும் கிராஃபீனுக்குச் சற்றுக் குறைவு. கட்டமும் கிட்டத்தட்ட அதேதான். எனவே அதுவும் கண்ணாடி மாதிரியே முறியும் என்றுதான் எல்லாரும் எதிர்பார்த்தார்கள். நுண்ணோக்கிக்குள் வைத்து இழுத்தபோது நடந்தது வேறு. விரிசல் நேராக ஓடவில்லை. திரும்பியது, கிளை பிரிந்தது, இழுக்க இழுக்க மெல்ல மெல்ல முன்னேறியது. விரிசல் முன்னேறத் தேவைப்பட்ட ஆற்றல், கிரிஃபித் கணக்குச் சொன்னதைவிடப் பத்து மடங்கு வரை அதிகம்.

காரணம் கட்டத்தில் இருக்கும் இரண்டு வகை அணுக்கள். கிராஃபீனில் விரிசலின் இரு விளிம்பிலும் கார்பன்தான். போரான் நைட்ரைடில் ஒரு விளிம்பில் போரானும் எதிர் விளிம்பில் நைட்ரஜனும் வரலாம். இரண்டு விளிம்பிலும் தகைவு ஒன்றாக இருக்காது. இந்தச் சமச்சீரின்மை நுனியை ஒரு பக்கமாகத் தள்ளி, மீண்டும் மீண்டும் பாதை மாற வைக்கிறது. ஒவ்வொரு திருப்பத்துக்கும் கூடுதல் ஆற்றல் செலவாகிறது. வெளியிலிருந்து எதையும் சேர்க்காமல், பொருளின் அமைப்பே விரிசலை எதிர்க்கிறது.

இரண்டாவது வழி, கட்டுரையின் தொடக்கத்தில் சொன்ன கார்பன் படலம். இதன் கதை கெண்ட் ரிட்ஜில் தொடங்குகிறது. 2020இல் சிங்கப்பூர் தேசியப் பல்கலைக்கழகத்தில் பார்பரோஸ் ஓசில்மாஸ் தலைமையிலான குழு, ஓர் அணுத் தடிமனில் ஒழுங்கற்ற கார்பன் படலத்தை முதன்முதலாகத் தனித்து நிற்கும் தாளாக உருவாக்கிக் காட்டியது. கிராஃபீனில் எல்லா வளையத்திலும் ஆறு அணுக்கள். இதில் ஐந்து, ஆறு, ஏழு, எட்டு என்று வளையங்கள் கலந்து கிடக்கும். அழுத்தித் துளையிட்டபோது துளை விழுந்த இடத்தோடு சேதம் நின்றுவிட்டது, அங்கிருந்து விரிசல் ஓடவில்லை என்பதை அந்தக் கட்டுரையிலேயே குறிப்பிட்டிருந்தார்கள்.

ஏன் ஓடவில்லை என்பதை 2025ஆம் ஆண்டுக் கட்டுரை விளக்கியது. ஓசில்மாஸ், லௌ ஜுன் குழுக்களோடு மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தின் மார்க்கஸ் பியூலர் குழு கணினி உருவகப்படுத்தல் செய்தது. படலம் முழுவதும் ஒரே சீராக ஒழுங்கற்றது அல்ல. ஒழுங்கற்ற பரப்புக்குள் அங்கங்கே நானோமீட்டர் அளவுள்ள படிகத் துணுக்குகள் பதிந்திருக்கின்றன. விரிசல் இந்தக் கலவைக்குள் நேராக ஓட முடியாமல் வளைகிறது, நுனி மழுங்குகிறது, சில இடங்களில் பின்னால் பாலம்போல் பொருள் அறுபடாமல் பிடித்துக்கொண்டு நிற்கிறது. எட்டு மடங்கு என்ற எண் வந்தது இதனால்தான்.

கவனிக்க வேண்டியது என்னவென்றால், இரண்டு வழிகளிலுமே உச்ச வலிமை கிராஃபீனைவிடக் குறைவு. ஒழுங்கைக் கொஞ்சம் விட்டுக்கொடுத்து, அதற்குப் பதிலாகத் தாக்குப்பிடிக்கும் குணத்தை வாங்கியிருக்கிறார்கள். பொறியாளர் யாரைக் கேட்டாலும் இது நல்ல வியாபாரம் என்பார்.

வளைக்கும்போது கணக்கு வேறு

இழுப்பது ஒன்று, வளைப்பது வேறொன்று. ஒரு தகட்டின் தடிமனும் யங் குணகமும் தெரிந்தால் வளைக்க எவ்வளவு சிரமம் என்று பாடநூல் சூத்திரத்தில் கண்டுபிடித்துவிடலாம். கிராஃபீனுக்கு அதைப் போட்டால் 20 எலக்ட்ரான்வோல்ட் (அணு அளவில் ஆற்றலை அளக்கும் அலகு) வரும். அணு அளவில் செய்யும் கணக்குகள் தருவது 1.4 வாக்கில்தான். சூத்திரம் பத்து மடங்குக்கு மேல் தவறுகிறது. காரணம், தடிமனான தகட்டை வளைத்தால் வெளிப்பக்கம் நீளும், உள்பக்கம் சுருங்கும். ஓர் அணுத் தாளில் நீளவும் சுருங்கவும் பக்கங்களே இல்லை.

இவ்வளவு எளிதில் வளையும் தாள், வெப்பத்தால் மட்டுமே நெளிந்துகொண்டிருக்கும். அந்த நெளிவும் சுருக்கமும் தாளை மீண்டும் விறைப்பாக்குகின்றன. 2015இல் கார்னெல் பல்கலைக்கழகக் குழு மைக்ரோமீட்டர் அளவுள்ள கிராஃபீன் துண்டுகளை வளைத்துப் பார்த்தபோது, வளைவுக்கான எதிர்ப்பு அணு அளவுக் கணக்கைவிட ஆயிரக்கணக்கான மடங்கு அதிகமாக இருந்தது. ஆக, ஒரே பொருளுக்கு அளவைப் பொறுத்து வெவ்வேறு விடை.

அடுக்குகளைச் சேர்த்தாலும் எதிர்பாராதது நடக்கிறது. பல அடுக்குக் கிராஃபீனைக் கூர்மையாக வளைத்தால் அடுக்குகள் ஒன்றின்மேல் ஒன்று வழுக்கிவிடுகின்றன. 2017இல் வெளியான ஓர் ஆய்வில், அடுக்கு கூடக் கூடக் கிராஃபீனின் வலிமை 30 விழுக்காட்டுக்கு மேல் இறங்கியது. போரான் நைட்ரைடு ஒன்பது அடுக்கு வரை இறங்கவில்லை, ஏனென்றால் அதன் அடுக்குகள் அழுத்தத்தில் எளிதில் வழுக்குவதில்லை.

இழுத்தால் மின்பண்பும் மாறும்

உட்லண்ட்ஸ், தெம்பனிஸ், பாசிர் ரிஸ் வேஃபர் (சில்லுகள் செய்யும் வட்டச் சிலிக்கன் தகடு) தொழிற்சாலைகளில் நம்மவர்கள் நிறையப் பேர் வேலை பார்க்கிறார்கள். அவர்களுக்கு இந்தப் பகுதி அன்றாட வேலைக்கு மிக நெருக்கமானது. சிலிக்கன் டிரான்சிஸ்டரில் படிகத்தை லேசாக இழுத்தோ அழுத்தியோ வைத்து வேகத்தைக் கூட்டுவது 90 நானோமீட்டர் தலைமுறைச் சில்லுகளிலிருந்தே வழக்கத்தில் இருக்கிறது. ஆனால் சிலிக்கன் தகடு தாங்கும் திரிபு ஒன்றிரண்டு விழுக்காட்டுக்குள் அடங்கிவிடும். இருபரிமாணப் பொருள்கள் அதைவிட அதிகம் தாங்குகின்றன. மாலிப்டினம் டைசல்ஃபைடை ஒரு விழுக்காடு இழுத்தால் அதன் ஆற்றல் இடைவெளி (மின்சாரத்தைக் கடத்த எலக்ட்ரான் தாண்ட வேண்டிய ஆற்றல்) சுமார் 0.07 எலக்ட்ரான்வோல்ட் சுருங்குகிறது. அது வெளிவிடும் ஒளியின் நிறமே நகர்ந்துவிடும்.

கிராஃபீனில் இன்னும் வியப்பான விளைவு. 2010இல் பெர்க்லியில் மைக்கேல் குரோமியின் குழு, பிளாட்டினத்தின் மேல் வளர்ந்த கிராஃபீனில் எழும்பிய முக்கோண நுண்குமிழ்களை அளந்தது. குமிழில் தாள் இழுபட்ட விதத்தால் எலக்ட்ரான்கள் 300 டெஸ்லாவுக்கு மேற்பட்ட காந்தப்புலத்தில் இருப்பதைப்போல் நடந்துகொண்டன. அங்கே காந்தமே இல்லை. அந்தக் கட்டுரையின் ஆசிரியர்களில் ஒருவரான அந்தோனியோ காஸ்ட்ரோ நெட்டோதான் அதே ஆண்டு சிங்கப்பூர் தேசியப் பல்கலைக்கழகத்தில் தொடங்கிய கிராஃபீன் ஆய்வு மையத்தை வழிநடத்த வந்தார்.

கடையில் விற்கும் "கிராஃபீன்"

அந்த மையத்திலிருந்து வந்த இன்னோர் ஆய்வு, வாடிக்கையாளர் ஒவ்வொருவரும் தெரிந்துகொள்ள வேண்டியது. 2018இல் காஸ்ட்ரோ நெட்டோவும் சகாக்களும் உலகெங்கும் 60 உற்பத்தியாளர்களிடமிருந்து கிராஃபீன் தூள் மாதிரிகளைப் பெற்றுச் சோதித்தார்கள். பெரும்பாலான மாதிரிகளில் உண்மையான கிராஃபீன் 10 விழுக்காட்டுக்கும் குறைவு. மீதி பெரும்பாலும் நுண்ணிய கிராஃபைட் தகடுகள். அனைத்துலகத் தர வரையறைப்படி பத்து அடுக்கு வரை இருந்தால்தான் கிராஃபீன் குடும்பம்.

தூள் உண்மையான கிராஃபீனாகவே இருந்தாலும், பிசினில் கலந்த பிறகு சுமை முழுவதும் அந்தத் துகள்களுக்குப் போய்ச் சேர்வதில்லை. துகளுக்கும் பிசினுக்கும் இடையே உள்ள பிடிப்பு எவ்வளவோ அவ்வளவுதான் பலன். எனவே பூச்சின் டப்பாவில் 200 மடங்கு என்று பார்த்தால், அது பூச்சின் வலிமை இல்லை. பூச்சுக்கு என்று தனியாகச் செய்த கீறல் சோதனையின் முடிவு இருக்கிறதா என்று கேளுங்கள்.

தொழிற்சாலைக்குள் நுழையத் தடையாக இருப்பது

ஆய்வகத்தில் டேப்பால் உரித்த துண்டு மைக்ரோமீட்டர் அளவு. தொழிற்சாலை வேஃபர் 200 அல்லது 300 மில்லிமீட்டர் விட்டம். அவ்வளவு பெரிய கிராஃபீனை ஆயிரம் டிகிரி செல்சியஸ் வாக்கில் செம்புத் தகட்டின்மேல் வளர்க்கிறார்கள். பிறகு அதன்மேல் ஒரு பாலிமர் பூச்சு, செம்பைக் கரைத்தல், மிதக்கும் படலத்தை வேஃபரின்மேல் படியவைத்தல், பாலிமரைக் கழுவி எடுத்தல். படலம் சுருங்குவதும் கிழிவதும் இந்தக் கட்டத்தில்தான். முன்பு போட்ட கணக்கில் வந்த 2 மைக்ரோமீட்டர் கிழிசல் இங்கே வெகு சாதாரணம். அப்புறம் அந்தக் கிழிசல் அடுத்தடுத்த சூடாக்கலிலும் குளிர்விப்பிலும் இழுபட்டு நீளும்.

ஒழுங்கற்ற கார்பன் படலத்தின்மேல் நான் நம்பிக்கை வைப்பது எட்டு மடங்குக்காக மட்டும் அல்ல. கெண்ட் ரிட்ஜ் குழு அதை லேசர் உதவியோடு சுமார் 200 டிகிரியில் வளர்க்கிறது. முடிந்த சில்லு தாங்கும் வெப்பநிலை 400 டிகிரி வாக்கில் இருப்பதால், படலத்தை நேரடியாகச் சில்லின்மேலேயே வளர்க்க இடமிருக்கிறது. உரித்து மாற்றும் வேலை இல்லையென்றால் அந்த வேலையில் வரும் கிழிசலும் இல்லை. இது மின்சாரத்தைக் கடத்தாது என்பதால் கிராஃபீனின் இடத்தைப் பிடிக்காது. மெல்லிய தடுப்புப் படலமாகத்தான் பயன்படும். விரிசல் அளவீடுகள் இதுவரை நுண்ணோக்கிக்குள் அடங்கும் துண்டுகளில் செய்யப்பட்டவை. முழு வேஃபர் அளவுப் படலத்தை ஆயிரம் தடவை சூடாக்கிக் குளிரவைத்த பிறகும் விரிசல் அதேபோல் நிற்கிறதா என்று பார்க்கும் சோதனைதான் தொழிற்சாலைக்காரர்களின் கேள்விக்குப் பதில் சொல்லும்.